பழைய அவுட்போர்டு மோட்டாரில் எரிபொருள் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படகு மோட்டார் வைத்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் என்ஜினுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பேசுவது கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளைப் பற்றி. கார்புரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் ஆயில் கலக்கும் பகுதி தவிர நிறைய பொருந்தும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்கு இது உதவாது.

டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகிறது? முதலில் அதைச் சொல்லுங்களேன்.

டேங்குக்குள் அடி வரை இறங்கும் ஒரு உறிஞ்சு குழாய் இருக்கும், அதன் நுனியில் சின்ன வலை. அங்கிருந்து ரப்பர் ஹோஸ். ஹோஸின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை; இதைத்தான் பிரைமர் பல்பு என்கிறோம். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஒருவழி வால்வு உண்டு, அதனால் பெட்ரோல் என்ஜின் பக்கம் மட்டும்தான் நகரும். பிறகு என்ஜினில் செருகும் கனெக்டர், ஃபில்டர், பம்பு, கடைசியில் கார்புரேட்டர். கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி, ஊசி வால்வை மூடி வரத்தை நிறுத்தும். கிண்ணத்திலிருந்து ஜெட் எனும் நுண்துளைகள் வழியாகப் பெட்ரோல் காற்றோடு கலந்து உள்ளே போகிறது.

பெரும்பாலான பழைய மோட்டார்களில் பம்புக்கு பெல்ட்டும் கிடையாது, கரண்டும் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே இருக்கும் அறையில், அதாவது கிராங்க்கேஸில், அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு டயாஃப்ரம் எனும் ஒரு மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் ஆட்ட, அதுவே பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. மென்மையான பம்பு இது. வழியில் கொஞ்சம் அடைப்போ, மயிரிழை காற்றுக் கசிவோ இருந்தால்கூடத் திணறிவிடும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று டேங்குக்குள் வந்தாக வேண்டும். மூடியில் இருக்கும் காற்றுத் திருகு அதற்குத்தான்.

ஸ்டார்ட் ஆகலைன்னா அது பெட்ரோல் பிரச்சினைதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் நாள் முழுக்க கயிறு இழுத்தாலும் பிடிக்காது. சரியாக இருந்தால், நாலைந்து தடவை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஈரமாகப் பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. பொறி (ஸ்பார்க்) இல்லை, அல்லது அளவுக்கு மீறி வந்து நனைத்துவிட்டது.

பொறியையும் சோதித்துவிடுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி என்ஜின் உடம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. அதற்கென்றே விற்கும் டெஸ்டர் இன்னும் பத்திரம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளக்கும் மானி கிடைத்தால் எல்லா சிலிண்டரையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் சுமார் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கம்ப்ரஷன் விழுந்துபோன மோட்டாரில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

உறுதி செய்ய இன்னொரு வழி: ஆயில் கலந்த பெட்ரோலைச் சில துளிகள் கார்புரேட்டர் வாயில் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றுவிட்டால் பொறியும் கம்ப்ரஷனும் வேலை செய்கின்றன, குறை பெட்ரோல் வரும் வழியில்தான். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை டூ ஸ்ட்ரோக்கில் அடிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை அது கழுவிவிடும்.

பிளக் காய்ஞ்சுதான் இருக்கு. எங்கேயிருந்து தேட ஆரம்பிக்கணும்?

டேங்கிலிருந்து. கை நேராகக் கார்புரேட்டர் திருகுகளுக்குத்தான் போகும், தெரியும். ஆனால் அது கடைசி இடம். காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பெட்ரோல் மட்டம் உறிஞ்சு குழாய்க்கு மேல் இருக்கிறதா, கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, அதனுள் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) வெடித்துப்போயிருக்கிறதா, ஹோஸை யாராவது மிதித்து மடக்கியிருக்கிறார்களா என்று வரிசையாகப் பாருங்கள். இதில் எதற்கும் ஸ்பேனர் தேவையில்லை.

அடுத்து, நன்றாக ஓடும் வேறொரு மோட்டாரின் டேங்கையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். கனெக்டர் பொருந்த வேண்டும், ஆயில் விகிதமும் உங்கள் மோட்டாருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதில் மோட்டார் ஓடினால் என்ஜினைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதி வழியை ஒரே அடியில் தேடலிலிருந்து கழிக்கும் இந்தச் சோதனையை விட எனக்குப் பிடித்தது வேறு இல்லை.

பல்பை எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவே மாட்டேங்குது. பல்பு போச்சா?

இருக்கலாம், ஆனால் உடனே முடிவு கட்ட வேண்டாம். பல்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும்; அது என்ஜின் பக்கம் காட்ட வேண்டும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் சரியாக உட்கார இது உதவும். பழைய பல்புகளில் இது மட்டுமே போதுமானதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியும் கெட்டியாகவில்லை என்றால் மூன்று சாத்தியம். டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் எங்கோ காற்று உள்ளே வருகிறது: கிளிப், கனெக்டர், உறிஞ்சு குழாயில் விரிசல். அல்லது பல்பின் வால்வு தேய்ந்துவிட்டது. அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கிறது. என்ஜின் மூடியைத் திறந்தால் இது வாசனையிலேயே தெரியும். முதல் இரண்டையும் மூன்றாவதிலிருந்து பிரித்தறிய, என்ஜின் பக்க ஹோஸை மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டு அமுக்குங்கள். இப்போது கெட்டியானால் பல்பு நல்லது, பெட்ரோல் முன்னால் எங்கோ ஒழுகுகிறது.

எனக்கு நேர் எதிர். ஓடும்போது பல்பு சப்பையா உள்ளே ஒட்டிக்குது.

இது நல்ல துப்பு. பம்பு இழுக்கிறது, டேங்கிலிருந்து வரவில்லை. அடைப்பு பல்புக்குப் பின்னால், டேங்க் பக்கத்தில் இருக்கிறது. காற்றுத் திருகைத் தளர்த்தியதும் டேங்க் ‘புஸ்’ என்று காற்றை இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால் உறிஞ்சு குழாயின் வலையைப் பாருங்கள். படகோடு பொருத்திய நிலையான டேங்க் என்றால் வெளிவரும் இடத்தில் சைஃபன் தடுப்பு வால்வு இருக்கலாம். உள்ளே இருக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் துருவோ பிசினோ பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அது சிக்கினால் மாற்றுங்கள். பிடுங்கி எறிந்துவிட வேண்டாம், ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் முழுக்கப் படகுக்குள் வடிந்துவிடாமல் காப்பது அதுதான்.

பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் தானா நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. ஏன்?

முதல் சந்தேகம் காற்றுத் திருகு. மூடிய டேங்கில் வெற்றிடம் மெல்ல மெல்லத்தான் சேரும். மோட்டார் நின்றபின் எங்கோ ஒரு இடுக்கில் காற்று கசிந்து உள்ளே வர, மறுபடி ஓடும். திருகு திறந்திருந்தும் துளை உப்பாலோ தூசியாலோ அடைந்திருக்கலாம். மூடியையே தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அது இல்லை என்றால் டேங்குக்குள் மிதக்கும் குப்பை. இலைத் துணுக்கோ, மூடியின் உள்ளிருந்து உரிந்த தாளோ உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும், மோட்டார் நின்றதும் விழுந்துவிடும். டேங்கைக் காலி செய்து வெளிச்சத்தில் பார்த்தால் பிடிபடும்.

மூன்றாவது, இது பெட்ரோலே இல்லாமல் இருக்கலாம். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பழசானால், சூடானதும் பொறியை விட்டுவிட்டு, ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். நின்ற அந்த நிமிஷமே பொறியைச் சோதித்தால்தான் இது தெரியும். பொதுவாகப் பொறி போனால் ஸ்விட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். பெட்ரோல் தீர்ந்தால் இழுத்து, திக்கி, சில சமயம் ஒரு கணம் வேகம் கூடி, பிறகு நிற்கும்.

பல்பை அமுக்கிக்கிட்டே இருந்தா ஓடுது, விட்டா நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?

பம்பு செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டருக்கு அப்பால் பெரிய குறை இல்லை. பம்பு பலவீனமாகிவிட்டது, அல்லது டேங்க் பக்கம் இலேசான அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கிறது. பம்புக்கு டேங்க் பக்கமாக ஒரு சாண் நீளம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் காற்று வருகிறது, கசிவைத் தேடுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: உறிஞ்சும் பக்கக் கசிவில் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் இல்லை என்பதற்காக இணைப்பு நல்லது என்று நினைக்க முடியாது.

குமிழி இல்லாமல் மெலிதாக வந்தால் பம்பைத் திறங்கள். டயாஃப்ரம் விறைத்தோ, ஓட்டை விழுந்தோ, அதன் சின்ன வால்வுத் தகடுகள் சுருண்டோ இருக்கும். டயாஃப்ரத்தில் ஓட்டை என்றால் இன்னொரு அறிகுறியும் கூடவே வரும்: பெட்ரோல் துடிப்புத் துளை வழியாக நேராக ஒரு சிலிண்டரின் கிராங்க்கேஸுக்குள் போய்விடும். அந்த ஒரு பிளக் மட்டும் எப்போதும் கறுத்து நனைந்திருக்கும், புகை அதிகமாகும். பழுதுபார்க்கும் கிட் வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய தகடான கேஸ்கட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

வேகமா போகும்போது ஒண்ணுமில்லை. ஸ்லோ பண்ணினா நின்னுடுது.

ஐட்லிங்கில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், பெட்ரோல் வரும் வழி வேறு, வேகத்தில் வரும் வழி வேறு. மெதுவாக ஓடும்போது பைலட் ஜெட்டும் அதன் நுண்ணிய வழிகளும்தான் பெட்ரோல் தருகின்றன. கார்புரேட்டரிலேயே மிகச் சிறிய துளைகள் அவைதான், அதனால் முதலில் அடைபடுவதும் அவைதான். ஐட்லிங்கில் கார்புரேட்டர் வழியாக ‘தும்’ என்று தும்முகிறது என்றால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கிறது.

ஐட்லிங்கில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகைச் சரிசெய்யும் முன், அது இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று மெதுவாக உள்ளே திருகி எண்ணி எழுதிவையுங்கள். அடி தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் கூர்முனை நசுங்கிவிடும். பல மோட்டார்களில் அடி தட்டிய இடத்திலிருந்து 1 முதல் 1½ சுற்று வெளியே என்பது ஆரம்ப நிலை. உங்கள் கையேடு சொல்வதே சரியான அளவு. கடைசிச் சரிசெய்தலை என்ஜின் சூடானபின், படகு தண்ணீரில் இருக்க, கியர் போட்ட நிலையில் செய்யுங்கள். நியூட்ரலில் அழகாக ஓடும்படி வைத்தது கியர் போட்டதும் நின்றுவிடும்.

ஐட்லிங் நல்லாயிருக்கு, ஆனா ஆக்சிலேட்டர் கொடுத்தா மூச்சுத் திணறுது.

மேலே சொன்னதன் மறுபக்கம். வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட் அடைந்திருக்கலாம், அல்லது முழு வேகத்துக்குத் தேவையான அளவு பெட்ரோல் கிண்ணத்துக்கே வரவில்லை. இரண்டையும் பிரிக்க, திணறும்போது உடன் வருபவரை பல்பை அமுக்கச் சொல்லுங்கள். வேகம் கூடினால் குறை பம்பிலோ அதற்குப் பின்னால் டேங்க் பக்கத்திலோ. கூடவில்லை என்றால் கார்புரேட்டர். இரண்டு மூன்று கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் ஒன்று மட்டும் அடைந்திருக்கலாம். ஒவ்வொரு பிளக்கின் நிறத்தையும் ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். வெளிர் பழுப்பு நல்ல நிறம். வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை.

என்ஜின் மட்டும் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் அது பெட்ரோல் கோளாறு அல்ல. புரொப்பெல்லரின் நடு ரப்பர் நழுவுகிறது.

சோக் போட்டாத்தான் ஓடுது. அப்படியே கரைக்கு ஓட்டிட்டு வரலாமா?

மெதுவாக, குறைந்த வேகத்தில், வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும். இதைத் தினசரி வழக்கமாக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சோக் காற்றைக் குறைக்கிறது. அது போட்டால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் குறைவாக வருகிறது என்று மோட்டார் தெளிவாகச் சொல்கிறது.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே உயவு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, அதே நேரத்தில் எரியும் சூடு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், அல்லது பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும். ஒரு ஜெட்டைச் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிப்போட்டதற்கு முழு என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

சரி, கார்புரேட்டரைக் கழற்றித்தான் ஆகணும். எப்படிச் சுத்தம் செய்வது?

கழற்றும் முன் லிங்க் கம்பிகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாமல் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அதில் இருக்கும் தண்ணீர், துரு, ரப்பர் துகள் ஒவ்வொன்றும் கோளாறு எங்கிருந்து வந்தது என்று காட்டும். கறுப்புத் துகள் என்றால் ஹோஸின் உட்பக்கம் கரைகிறது. அதை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் சில நாளில் மறுபடி அடையும்.

மிதவை, ஊசி, கேஸ்கட், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், ரப்பர் அதில் ஊதிப்போகும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், ஸ்ப்ரே எதிர்பாராத துளை வழியாக முகத்தில் பீய்ச்சும். ஜெட்டைக் கழற்ற அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பித்தளை எளிதில் சிதையும். துளைக்குள் எஃகுக் கம்பியை விடக் கூடாது. துளை ஒரு கீறல் பெரிதானாலும் கலவை மாறிவிடும். தூண்டில் நைலான் இழையோ, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையோ போதும். பிறகு எல்லா வழிகளிலும் காற்று அடித்து, ஒவ்வொரு துளையிலும் ஸ்ப்ரே மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராத வழி இருந்தால் வேலை முடியவில்லை.

திரும்ப மாட்டும்போது மிதவை மட்டத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் உடலைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். கேஸ்கட்டுக்குப் பதிலாக சாதாரண சிலிக்கோன் பசையைத் தடவ வேண்டாம். பெட்ரோல் அதை ஊதவைத்து உரித்து, அந்தத் துண்டே அடுத்த அடைப்பாகும்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிஞ்சு தண்ணியில எண்ணெய் படலம் மிதக்குது.

ஊசி வால்வு மூடவில்லை. ஒரு துளி அழுக்கு இடையில் மாட்டியிருக்கலாம், ஊசி முனையில் வளையம் போல் தேய்மானம் விழுந்திருக்கலாம், அல்லது மிதவை மிதக்கவில்லை. மிகப் பழைய மோட்டார்களில் மிதவை கார்க்கால் ஆனது; மேல்பூச்சு போனதும் பெட்ரோலை உறிஞ்சி மூழ்கிவிடும். உள்ளீடற்ற மிதவையை ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை.

மோட்டார் நல்ல நிலையில் இருந்தும் வழியலாம்: காற்றுத் திருகு மூடிய டேங்க் வெயிலில் காய்ந்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஊசி வால்வைத் தாண்டி பெட்ரோலைத் தள்ளிவிடும். மோட்டாரை நிறுத்தி வைக்கும்போது ஹோஸை என்ஜினிலிருந்து கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். சிந்தியதைத் துடைத்து, நன்றாகக் காற்றாட விட்டபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் கையில் தூக்கும் டேங்கை எப்போதும் படகுக்கு வெளியே தரையில் வைத்து நிரப்பச் சொல்கிறார்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கா, எத்தனால் இருக்கா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். தண்ணீருக்கு: டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் விட்டு அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ நிற்கும். பெட்ரோலில் கலக்கப்படும் ஆல்கஹாலான எத்தனாலுக்கு: ஒடுக்கமான, அளவுக்கோடு போட்ட குப்பியில் தண்ணீரை ஒரு கோடு வரை ஊற்றி, மேலே ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் அடி அடுக்கு நீங்கள் ஊற்றிய தண்ணீரை விட உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது. சோதித்த பெட்ரோலை டேங்கில் திரும்ப ஊற்றாதீர்கள்.

எத்தனால் இருந்தா என்ன கெடுதல்? வண்டியெல்லாம் ஓடுதே.

இரண்டு கெடுதல். எத்தனால் பழைய காலத்து ரப்பரையும் ரெசினையும் தாக்கும். அதற்கென்று செய்யப்படாத ஹோஸும் டயாஃப்ரமும் ஊதி, விறைத்து, உதிரும். டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும்.

இரண்டாவது கெடுதல்தான் மோசமானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், சுமார் 15 டிகிரி வெப்பநிலையில் அரை சதவீதம் அளவுக்குத் தண்ணீரைத் தாங்கும், அதாவது 25 லிட்டரில் ஏறக்குறைய 125 மில்லி. அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து, உறிஞ்சு குழாய் இருக்கும் அடிப்பகுதிக்கே போய்விடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆக என்ஜினுக்குப் போவது ஆயிலே இல்லாத கலவை. பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது, முழுவதையும் அகற்ற வேண்டியதுதான். எத்தனாலைப் பற்றிப் பேசும் அவுட்போர்டு கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதத்தையே மேல்வரம்பாக வைக்கின்றன. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் பழைய மோட்டாருக்கு அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றி, 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.

ஆயில் எவ்வளவு கலக்கணும்? கொஞ்சம் கூடப் போட்டா பாதுகாப்புதானே?

கையேட்டில் உள்ள விகிதம்தான். 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டருக்கு அரை லிட்டர். 25:1 கேட்கும் பழைய மோட்டாருக்கு லிட்டருக்கு 40 மில்லி. 100:1 என்றால் 10 மில்லி. கூடப் போடுவது பாதுகாப்பு என்பது பாதிதான் சரி: பிளக் கறுக்கும், கரி படியும், ஜெட் வழியே போகும் பெட்ரோலின் பங்கும் கொஞ்சம் குறையும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 வகை ஆயிலை வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் 2டி ஆயில் காற்றால் குளிரும் என்ஜினுக்கானது. முதலில் டேங்கில் சில லிட்டர் பெட்ரோலோடு ஆயிலைச் சேர்த்து நன்றாகக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புங்கள்.

போன வருஷத்து பெட்ரோல் டேங்கில் இருக்கு. பயன்படுத்தலாமா? இனி மோட்டாரை எடுத்து வைக்கும்போது என்ன செய்யணும்?

வேண்டாம். வார்னிஷ் போல் புளித்த வாசனை அடித்தால் கேள்வியே இல்லை. சில மாதங்களிலேயே பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகி, மீதி பிசினாகி ஜெட்டில் படியும். ஒரு சில வாரத்துக்கு மேல் மோட்டார் சும்மா இருக்கும் என்றால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

ஹோஸைக் கழற்றி, தானாக நிற்கும் வரை ஓடவிடுவது பழைய வழக்கம். ஒற்றைக் கார்புரேட்டர் சின்ன மோட்டாருக்கு, ஐட்லிங்கில், அது பரவாயில்லை. பல கார்புரேட்டர் உள்ளவற்றில் ஒன்று முன்னால் காலியாகும், ஒன்று பின்னால். முதலில் காலியான சிலிண்டர் ஆயில் இல்லாமல் சுற்றும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் திறந்து வடிப்பதே நல்லது, ஓடவிட்டு நிறுத்தினாலும் அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். கரையில் ஓட்டிப் பார்ப்பதென்றால் தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம், குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கைகள் உடனே கருகிவிடும்.

என் மோட்டாருக்கு டேங்கிலிருந்து இரண்டு குழாய் வருது. பம்பையே காணோம்.

உங்களிடம் இருப்பது அழுத்த டேங்க் முறை. 1950களின் மோட்டார்கள் பலவற்றில் இது இருந்தது. ஒரு குழாய் கிராங்க்கேஸிலிருந்து காற்றழுத்தத்தை டேங்குக்கு அனுப்பும், மற்றது பெட்ரோலைத் தள்ளிக் கொண்டுவரும். இதில் காற்றுத் திருகு கிடையாது. மூடியின் ரப்பர் வளையம் காற்றுப் புகாமல் மூடினால்தான் ஓடும். இன்றைய ஒற்றைக் குழாய் டேங்கை இதில் அப்படியே மாட்ட முடியாது. பம்பு பொருத்தி மாற்றுபவர்கள் உண்டு. அதைத் தெரிந்தவரிடம் செய்யக் கொடுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்கும் இதே பதில்களா?

பெரும்பாலும். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும்படி தயாரிக்கப்பட்ட மோட்டாரில்தான் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும்; அவற்றின் கம்ப்ரஷன் அதற்கேற்பக் குறைத்து வைக்கப்பட்டது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறும் வகையில், நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிடுங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால் மறுநாள் குளிர்ந்த என்ஜின் பிடிக்க அடம்பிடிக்கும், பலர் அதை ஸ்டார்ட்டிங் கோளாறு என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கார்புரேட்டர் சுத்தம், பம்பு புதுசு, பெட்ரோல் புதுசு, டேங்க் மாத்தியாச்சு. இன்னும் பெட்ரோல் பத்தாத மாதிரியே ஓடுது. இனி என்ன?

மூன்று இடம் பாக்கி. முதலாவது, மூடிக்குள் இருக்கும் ஹோஸ்கள். வெளியே புதுசு போல் இருக்கும், உள்தோல் மட்டும் உரிந்து, உறிஞ்சும்போது கதவு போல் மூடிக்கொள்ளும். வேகம் கூடினால்தான் இது தலைகாட்டும். வாயால் ஊதினால் தாராளமாகப் போகும், இழுத்தால் அடைக்கும். வெட்டிப் பார்க்காமல் உறுதியாகாது. வயதான ஹோஸ் என்றால் சோதிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே என் ஆலோசனை.

இரண்டாவது, கார்புரேட்டரைத் தாண்டி என்ஜின் பக்கம் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் வேகம் தானாக ஏறி இறங்குவது இதன் அடையாளம். கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் கேஸ்கட் விளிம்பில் துளித்துளியாக டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுப் பாருங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். கேஸ்கட் சரியாக இருந்தும் தீரவில்லை என்றால் கிராங்க் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருக்கலாம். அது என்ஜினைப் பிரிக்கும் வேலை.

மூன்றாவது, ரீட் வால்வு. கார்புரேட்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகள் இவை. ஒன்று உடைந்தாலோ முனை வளைந்தாலோ உள்ளே போன கலவை திரும்பி வெளியே துப்பும். காற்றுப் பெட்டியைக் கழற்றி, முகத்தையும் விரலையும் தள்ளி வைத்துக்கொண்டு, ஓடும் கார்புரேட்டர் வாய்க்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். தாளில் பெட்ரோல் பொட்டுகள் தொடர்ந்து விழுந்தால் ரீட் தகட்டைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். உடைந்த துண்டு கிடைக்கவில்லை என்றால் அதைத் தேடி எடுக்காமல் மோட்டாரை மறுபடி ஓட்டாதீர்கள், அது சிலிண்டருக்குள் போயிருக்கலாம்.